விழுகிறவனும் கைப்பிடிச்சுவரும்: யூதச் சிந்தனையில் விதியும் விருப்பமும் – புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது உபாகமம் 22:8. எழுப்பாமல் விட்டு யாராவது விழுந்து செத்தால் ரத்தப்பழி வீட்டுக்காரன் தலையில். எந்த நகராட்சியும் போடக்கூடிய சட்டம்தான். ஆனால் எபிரேய மூலத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ‘விழுகிறவன் அதிலிருந்து விழுந்தால்’ என்று எழுதியிருக்கிறது. ஆள் இன்னும் விழவே இல்லை, அதற்குள் அவனுக்கு ‘விழுகிறவன்’ என்று பேர் வைத்தாயிற்று. மொழிபெயர்ப்புகளில் இந்த நுணுக்கம் பெரும்பாலும் கரைந்துபோகும்.

ரபிகள் என்ற யூத மத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலான தல்மூத் இதைக் கப்பென்று பிடித்துக்கொள்கிறது (ஷப்பாத் 32அ). ரபி இஸ்மவேலின் பள்ளியில் சொன்ன விளக்கம் இது: இவன் விழுவான் என்பது படைப்பின் ஆறு நாட்களிலேயே முடிவானது, அதனால்தான் அந்தப் பேர். அப்படியானால் சுவர் எதற்கு? நல்ல காரியம் நல்லவன் கைவழியாகவும், கெட்ட காரியம் குற்றமுள்ளவன் கைவழியாகவும் வந்துசேரும்படி உருட்டிவிடப்படுகிறது என்கிறார்கள். அவன் விழுவது அவனுக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு. அது உன் மாடியிலிருந்து நடக்காமல் பார்த்துக்கொள்வது உன் கணக்கு. பிற்காலச் சட்டநூல்கள் சுவரின் உயரத்தையும் குறித்துவைத்தன: பத்துக் கைப்பிடி அகலம், ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையில்.

மனித விருப்பம், கடவுளின் பராமரிப்பு என்ற இந்தப் பெரிய தலைப்புக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. நான் நுழைந்தது தவறான வாசல் வழியாக. நேராக மைமோனிடிஸ் என்ற இடைக்கால யூத அறிஞரின் தத்துவ நூலை எடுத்து வைத்துக்கொண்டு பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் படிவரிசை. யூத மதம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் இதைப் பின்பற்றலாம். ஒரு தமிழ் வேதாகமமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தல்மூத் பகுதிகளை செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு காசில்லாமல் பார்க்கலாம்.

முதல் படி: சொற்களைத் துடைத்து வையுங்கள்

நமக்கு விதி, ஊழ், கர்மா, தலையெழுத்து என்று ஏற்கெனவே ஒரு பை நிறையச் சொற்கள் உண்டு. படிக்கும் காலம் வரைக்கும் அந்தப் பையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முற்பிறவிக் கணக்கு இங்கே அடித்தளம் இல்லை. மறுபிறப்பு பிற்கால யூத மறைஞானமான கபாலாவில்தான் பெரிதாக வருகிறது. அதற்குப் பதிலாக ஐந்து எபிரேயச் சொற்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெஹிரா என்றால் தேர்வு, தெரிந்தெடுத்தல். ரெஷூத் என்றால் அனுமதி, அதிகாரம். கெஸெரா என்றால் தீர்ப்பு, ஆணை. மஸால் என்றால் விண்மீன் ராசி. கல்யாண வீட்டில் யூதர்கள் கூவும் ‘மஸால் தோவ்’ என்ற வாழ்த்துக்கு நேர்ப்பொருள் ‘நல்ல ராசி’தான், இன்று அதை யாரும் அப்படி நினைத்துச் சொல்வதில்லை என்றாலும்.

ஐந்தாவது சொல்லில் கொஞ்சம் நின்று போகலாம். ஹஷ்காஹா. கடவுளின் பராமரிப்பு என்று தத்துவ நூல்கள் பேசுவது இதைத்தான். ‘பார்த்தல், கவனித்தல்’ என்பது இதன் வேர். சங்கீதம் 33:14, கடவுள் தம் இருப்பிடத்திலிருந்து பூமியின் குடிகளைப் பார்க்கிறார் என்று சொல்லும் இடத்தில் இதே வேர்தான் வருகிறது. இந்தச் சொல் இன்றைக்கு அதிகம் புழங்கும் இடமோ சமையலறை. ஓர் உணவகத்தின் சாப்பாடு கோஷர் என்ற யூத உணவு விதிப்படி ஆனது என்று ஒரு ரபி சான்று தந்தால் அதற்கும் ஹஷ்காஹா என்றுதான் பெயர். அங்கே மேற்பார்வைக்கு நிற்பவர் மஷ்கீயாஹ். முட்டையை உடைத்து ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார், கீரையை விரித்துப் பூச்சி தேடுவார், சில சமூகங்களின் வழக்கப்படி அடுப்பைப் பற்றவைப்பதும் அவர்தான். சமைப்பது சமையல்காரர். பார்வை இருக்கிறது, கை சமையல்காரருடையது. கடவுளுக்கு இந்த உவமையை ஓரளவுக்குத்தான் இழுக்கலாம், ஆனால் சொல்லின் மணம் மனதில் பதிய இது போதும்.

இரண்டாம் படி: வேதாகமத்தில் இரண்டே இடம்

முதலில் உபாகமம் 30:15–20. வாழ்வையும் சாவையும் உன்முன் வைத்தேன், வாழ்வைத் தெரிந்துகொள் என்று மோசே சொல்லும் பகுதி. தேர்வு உண்டு என்பவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

அடுத்தது ஆதியாகமம் 45:5–8, கூடவே 50:20. சகோதரர்கள் யோசேப்பைக் குழியில் போட்டார்கள், விற்றார்கள். வருடங்கள் கழித்து எகிப்தின் அதிகாரியாக அவர்கள்முன் நிற்கும் யோசேப்பு, என்னை இங்கே அனுப்பியது நீங்கள் இல்லை, கடவுள் என்கிறான். கடைசி அதிகாரத்திலோ, நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக நினைத்தார் என்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதலாவதில் சகோதரர்கள் காணாமலே போகிறார்கள். இரண்டாவதில் அவர்கள் நினைத்தது தீமைதான் என்பது அப்படியே நிற்கிறது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஆசிரியர்கள். யார் எத்தனை பங்கு என்று யோசேப்பு பிரித்துக் காட்டவே இல்லை.

மூன்றாம் படி: ஹனீனா என்ற ஒருவரின் பின்னால் போங்கள்

தல்மூத் ஒரு கடல். இந்தத் தலைப்புக்குத் தேடினால் நூறு மேற்கோள் வந்து விழும், தலை சுற்றும். என் யோசனை ஒன்று: மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவின் செப்போரிஸ் நகரில் வாழ்ந்த ரபி ஹனீனா என்ற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். (தல்மூத் மேற்கோளில் எண் தாளைக் குறிக்கும், அ முன்பக்கம், ஆ பின்பக்கம்.)

பெராகோத் 33ஆ-வில் ஹனீனா சொல்கிறார்: எல்லாம் வானத்தின் கையில், வானத்துக்கு அஞ்சுதல் ஒன்றைத் தவிர. யூதத் தேர்வுக் கோட்பாட்டை ஒரே வரியில் கேட்டால் பலரும் ஒப்பிக்கும் வரி இதுதான். ‘வானம்’ என்றால் கடவுள். உயரம், குட்டை, பணம், நோய் எல்லாம் அவர் கையில். நல்லவனாக இருப்பதா கெட்டவனாக இருப்பதா என்பது மட்டும் உன் கையில். நித்தா 16ஆ இதையே காட்சியாக்குகிறது. கருவுறுதலுக்குப் பொறுப்பான தூதனின் பெயர் லைலா, அதாவது இரவு. ஒரு துளியைக் கடவுள்முன் கொண்டுபோய், இது வலியவனாகுமா மெலியவனாகுமா, அறிவாளியா மூடனா, பணக்காரனா ஏழையா என்று கேட்பான். நீதிமானா துன்மார்க்கனா என்று மட்டும் கேட்க மாட்டான். இதைச் சொன்னவர் ஹனீனா பர் பாப்பா, வேறு ஆள். பெயர்க் குழப்பத்தில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

இப்போது ஹுல்லின் 7ஆ. நம் ஹனீனா அங்கே சொல்கிறார்: மேலே ஆணை பிறக்காமல் கீழே எவனும் தன் விரலில் அடிபட்டுக்கொள்வதில்லை. ஒரு விரலின் ரத்தக்கட்டு வரைக்கும் மேலிடத்து உத்தரவு. ஆனால் கெத்துபோத் 30அ-வுக்குப் போனால், எல்லாம் வானத்தின் கையில், குளிரும் சூடும் தவிர என்று ஒரு கூற்று நிற்கிறது. சளி பிடித்தால் கடவுளைக் குறை சொல்லாதே, போர்வை போர்த்தியிருக்க வேண்டும் என்று அர்த்தம். இவை ஒன்றோடொன்று இடிக்கின்றன. தொகுத்தவர்கள் மழுப்பவில்லை, அப்படியே விட்டுவைத்தார்கள். இடிக்கும் இடங்களை நீங்களும் நோட்டில் அப்படியே எழுதிவையுங்கள், சமரசம் செய்யப் பார்க்காதீர்கள்.

ஷப்பாத் 156-இல் ஹனீனாவுக்கும் ரபி யோஹனானுக்கும் ஜாதகத்தைப் பற்றியே ஒரு வாக்குவாதம். ராசிதான் ஒருவனை அறிவாளியாக்குகிறது, பணக்காரனாக்குகிறது, இஸ்ரவேலுக்கும் ராசி உண்டு என்பது ஹனீனா கட்சி. இஸ்ரவேலுக்கு ராசி கிடையாது என்பது யோஹனான் கட்சி. தல்மூத் யோஹனான் பக்கம் சாய்ந்து சில கதைகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று ரபி அகீவாவின் மகள் கதை. கல்யாணத்தன்று பாம்பு கடித்துச் சாவாள் என்று கல்தேய ஜோசியர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்தக் கவலை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த இரவு அவள் தன் ஊசியைக் கழற்றிச் சுவரிடுக்கில் குத்திவைத்தாள். காலையில் இழுத்தால் பின்னாலேயே பாம்பு வருகிறது, கண்ணில் ஊசி ஏறிச் செத்த பாம்பு. என்னம்மா செய்தாய் என்று அப்பா கேட்கிறார். சாயந்திரம் ஒரு ஏழை வாசலில் கூப்பிட்டான், எல்லோரும் விருந்தில் மும்முரமாக இருந்ததால் யார் காதிலும் விழவில்லை, எனக்கு நீங்கள் கொடுத்த பங்கை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன் என்கிறாள்.

ஜோசியர்கள் பொய் சொன்னதாகக் கதை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பாம்பு வந்தது. அவள் ஒன்றும் பரிகாரம் செய்யவும் இல்லை. ஜோசியம் அவளுக்குத் தெரியும் என்பதற்கே கதையில் தடயம் இல்லை. வாசலில் ஒரு குரல் கேட்டது, அவள் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அதே அகீவாவின் பெயரில் பிர்கே ஆவோத் என்ற ரபிகளின் மொழித்தொகுப்பின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘எல்லாம் முன்பே காணப்படுகிறது, அனுமதியோ கொடுக்கப்பட்டிருக்கிறது.’ எபிரேயத்தில் நான்கே சொல். முதல் பாதியை ‘முன்பே காணப்படுகிறது’ என்று எடுத்தால் பெரிய தத்துவச் சிக்கல். ‘பார்க்கப்படுகிறது’ என்று மட்டும் எடுத்தால், அதற்கும் இடமுண்டு, எச்சரிக்கை: மறைவில் செய்தாலும் பார்வையில்தான் இருக்கிறாய். எந்த மொழிபெயர்ப்பைப் படித்தாலும் மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

நான்காம் படி: பார்வோனுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

இது கையால் செய்ய வேண்டிய வேலை. யாத்திராகமம் 7 முதல் 11 வரை படித்து, பத்து வாதைகளுக்கும் எதிரே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார் என்று எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: எட்டாம் அதிகாரத்தில் எபிரேய வேதாகமத்தின் வசன எண், தமிழ் வேதாகமத்தில் உள்ளதைவிட நாலு குறைவாக இருக்கும். தமிழில் 8:15 என்பது யூத நூல்களில் 8:11. இது தெரியாமல் மேற்கோள் தேடினால் தப்பான வாதையில் போய் நிற்பீர்கள்.

முதல் ஐந்து வாதையிலும் இருதயம் கடினமானது, அல்லது பார்வோன் அதைக் கடினப்படுத்தினான் என்றுதான் வரும். ஆறாவது, கொப்புளங்கள் வரும் 9:12-இல்தான் முதன்முறையாக, வாதைக்குப் பின் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள்: ஐந்து தடவை அவன், ஐந்து தடவை கடவுள், கணக்குச் சரி. உங்கள் பட்டியல் அவ்வளவு அழகாக வராது. ஏழாவது வாதையான கல்மழையில், 9:34-இல் மறுபடி பார்வோனே கடினப்படுத்துகிறான். அடுத்த வசனம் தாண்டி 10:1-க்குப் போனால், அவன் இருதயத்தை நான் கடினப்படுத்தினேன் என்று கர்த்தர் சொல்கிறார். இந்தச் சிக்கலை அழித்துச் சரிசெய்ய வேண்டாம். பழைய உரையாசிரியர்களும் இந்த இடத்தில்தான் தலையைச் சொறிந்தார்கள்.

விளக்கங்களில் மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மித்ராஷ் என்ற ரபிகளின் வேத விளக்கத் தொகுப்பில் ரேஷ் லாகீஷ் என்ற ரபி சொல்வது: ஒருமுறை, இருமுறை, மும்முறை எச்சரித்தும் திரும்பாதவனுக்குக் கடவுள் கதவைச் சாத்திவிடுகிறார். ‘காவேத்’ என்ற எபிரேயச் சொல்லுக்குக் கனம் என்றும் பொருள், ஈரல் என்றும் பொருள். மித்ராஷ் இதை வைத்து விளையாடி, பார்வோனின் நெஞ்சு ஈரல்போல ஆகிவிட்டது என்கிறது. ஈரலைச் சமைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மறுபடி மறுபடி வேகவைத்தால் இறுகும். மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதினார்: திரும்பும் வாய்ப்பைப் பறிப்பதே சில குற்றங்களுக்குத் தண்டனை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான ஸ்ஃபோர்னோ தலைகீழாகப் புரட்டுகிறார். வாதையின் வலி தாங்காமல் சம்மதிப்பது சம்மதமே இல்லை. அந்த வலியைத் தாங்கும் திடத்தைக் கடவுள் கொடுத்தார், அப்போதுதான் பார்வோனின் முடிவு அவன் சொந்த முடிவாக இருக்கும். அதாவது கடினப்படுத்தியது தேர்வைக் காப்பாற்றத்தான். எனக்கு ஸ்ஃபோர்னோ கொஞ்சம் அதிசாமர்த்தியமாகத் தோன்றுகிறார், ஆனாலும் அவரை மறக்க முடிவதில்லை.

ஐந்தாம் படி: தத்துவவாதிகள், அளவோடு

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாக்தாதில் வாழ்ந்த சாதியா காவோன் (882–942) எளிய விடை சொன்னார்: அறிவது வேறு, காரணமாவது வேறு. நாளை நீ என்ன தேர்ந்தெடுப்பாய் என்று கடவுளுக்குத் தெரியும், தெரிவதால் உன்னைத் தள்ளுவதில்லை.

மைமோனிடிஸுக்கு (1138–1204) இது போதவில்லை. எந்த மனிதனும் மோசேயைப் போல நீதிமானாகவும் யெரொபெயாமைப் போலத் துன்மார்க்கனாகவும் ஆகலாம், யாரும் எழுதிவைக்கவில்லை என்று அவர் தம் சட்டத்தொகுப்பின் மனந்திரும்புதல் பகுதியில் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் கடவுளுக்கு முன்பே தெரியுமா தெரியாதா? தெரியும். ஆனால் கடவுளும் அவர் அறிவும் ஒன்றே, அந்த அறிவு எப்படிப்பட்டது என்பது மனித மூளைக்கு எட்டாது. பிரான்சின் தென்பகுதியிலிருந்த ரவாத் என்ற அறிஞர் (இறப்பு 1198) ஓரக்குறிப்பில் சீறினார். முடிக்கத் தெரியாத விஷயத்தைத் தொடங்குவது ஞானிகள் வழக்கமில்லை, எளிய மனிதர்களை எளிமையிலேயே விட்டிருக்கலாம் என்றார். பிறகு தாமே ஒரு விடை கொடுத்துப் பார்த்தார்: கடவுளின் அறிவு ஜோசியரின் அறிவைப் போல, நடக்கப்போவதைப் பார்ப்பது, நடத்துவது இல்லை. கொடுத்துவிட்டு, எஸ்தர் புத்தகத்து ஆமானின் சொற்களைக் கடன்வாங்கி, இதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை என்று கையை உதறினார். யூத நூல்களின் பக்கமே இப்படித்தான். நடுவில் ஒருவர் தீர்ப்புச் சொல்வார், ஓரத்தில் இன்னொருவர் சண்டைக்கு நிற்பார், இருவரையும் சேர்த்தே அச்சிடுவார்கள்.

பராமரிப்பு பற்றி மைமோனிடிஸ் சொன்னது இன்னும் துணிச்சலானது. ‘குழம்பினோர்க்கு வழிகாட்டி’ மூன்றாம் பாகம் 17-ஆம் அதிகாரத்தில், ஒவ்வொரு இலையும் கடவுள் ஆணையால் விழுகிறது என்பதை மறுக்கிறார். மிருகங்களுக்கு இனம் என்ற அளவில்தான் கவனிப்பு, தனித்தனிப் பராமரிப்பு மனிதருக்கு மட்டுமே, அதுவும் அவரவர் அறிவு கடவுளோடு எவ்வளவு இணைந்திருக்கிறதோ அவ்வளவு. அங்கே ஒரு கப்பலை உதாரணமாக எடுக்கிறார். கப்பல் மூழ்கியது தற்செயலாக இருக்கலாம். அதில் அந்த மனிதர்கள் ஏறியது மட்டும் தற்செயல் இல்லை, நம் அறிவுக்கு எட்டாத நீதியின்படி நடந்தது என்கிறார்.

அவருடைய தம்பி தாவீது நகை வியாபாரி. இந்தியாவை நோக்கி வணிகத்துக்குப் போகும் வழியில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். செய்தி கேட்டபின் ஏறத்தாழ ஒரு வருடம் படுக்கையில் கிடந்ததாகவும், எட்டு ஆண்டு கழிந்தும் துக்கம் ஆறவில்லை என்றும் மைமோனிடிஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ‘வழிகாட்டி’ அதற்குப் பிந்தியது. கப்பல் உதாரணம் தத்துவ வழக்கில் சாதாரணமாகக் கிடைக்கக்கூடியதுதான், ஆனாலும் என்னால் அந்தப் பக்கத்தைத் தம்பியை மறந்துவிட்டுப் படிக்க முடிவதில்லை.

இதற்குப்பின் இரண்டு எல்லைகள். கெர்சோனிடிஸ் (1288–1344) கடவுளின் அறிவைச் சுருக்கினார்: பொது ஒழுங்கு கடவுளுக்குத் தெரியும், தனிமனிதன் நாளை எதைத் தேர்வான் என்பது திறந்தே கிடக்கிறது. அவர் நூலின் பெயர் ‘ஆண்டவரின் போர்கள்’. எதிரிகள் அதை ‘ஆண்டவருக்கு எதிரான போர்கள்’ என்று கேலி செய்தார்கள். ஹஸ்தாய் கிரெஸ்காஸ் எதிர்த்திசையில் போய் மனிதனின் சுதந்திரத்தைச் சுருக்கினார்: விருப்பத்துக்கும் காரணங்கள் உண்டு, அவையே அதைத் தீர்மானிக்கின்றன. 1391-இல் ஸ்பெயினில் நடந்த கலவரத்தில் பார்சலோனாவில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பாஅல் ஷெம் தோவ் (இறப்பு 1760) மைமோனிடிஸ் கைவிட்ட இலையைத் திரும்ப எடுத்தார். ஓர் இலை விழுந்ததைச் சீடருக்குக் காட்டி, அதன் அடியில் வெயிலில் வாடிய ஒரு புழுவுக்கு நிழல் கிடைத்ததைக் காட்டினார் என்று ஹசிதியர்கள் கதை சொல்வார்கள். போலந்தின் இஸ்பிட்ஸா ஊர் ரபி மொர்தெகாய் யோசேப் லைனர் (1801–1854) ஹனீனாவின் வரியையே கவிழ்த்தார்: எல்லாம் வானத்தின் கையில், வானத்துக்கு அஞ்சுதல் உட்பட. இவரை முதல் வருடத்தில் படிக்க வேண்டாம்.

ஆறாம் படி: உங்கள் போர்முனையைக் கண்டுபிடியுங்கள்

இங்கே வரும்போது நோட்டு நிறைந்திருக்கும், தலையும்தான். இப்போது எடுக்க வேண்டியவர் ரபி எலியாஹு டெஸ்லர் (1892–1953). அவருடைய கருத்தின் பெயர் தேர்வுப்புள்ளி. நாட்டுக்கு நாடு போர் நடக்கும்போது சண்டை எல்லையில் மட்டும்தான். பின்னால் இருக்கும் ஊர்கள் ஏற்கெனவே யாரோ ஒருவர் வசம். மனிதனுக்குள்ளும் அப்படித்தான். திருடர் கூட்டத்தில் வளர்ந்தவனுக்குத் திருடுவதா வேண்டாமா என்பது கேள்வியாகவே எழாது. கையும் களவுமாக மாட்டும்போது சுட்டுத் தள்ளுவதா வேண்டாமா என்பதில்தான் அவன் போர்முனை. இன்னொருவருக்கு அது, வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்ட சின்ன விவரத்தில் இருக்கும். ஜெயித்தால் எல்லை முன்னேறும், தோற்றால் பின்வாங்கும்.

ஒரு வாரம் செய்து பாருங்கள். தினம் ராத்திரி, இன்று உண்மையிலேயே எந்த இடத்தில் நான் இரண்டு பக்கமும் இழுபட்டேன் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். நான் செய்தபோது ஏழு நாளில் மூன்று வரிதான் தேறியது. மீதி எல்லாம் பழக்கத்தின் ஓட்டம்.

வேலை, பிழைப்பு, கல்யாணம் என்று வரும்போது பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினின் பஹ்யா இப்னு பகூதா ஒரு வழி சொல்கிறார். இரண்டு கட்சிகளையும் கேட்டுவிட்டு அவர் தரும் யோசனை: செயல்கள் எல்லாம் உன் கையில் என்று நம்புகிறவன் போலச் செய், எல்லாம் படைத்தவன் ஆணை என்று நம்புகிறவன் போல அவர்மேல் சாய்ந்துகொள். முயற்சிக்கு இன்று யூதர்கள் சொல்லும் சொல் ஹிஷ்தத்லூத். நம்பிக்கைக்கு பிதாஹோன். வேலை தேடுகிறவரிடம் ‘உன் ஹிஷ்தத்லூத்தைச் செய்’ என்பார்கள், அதாவது விண்ணப்பம் போடு, நாலு பேரைப் பார், பிறகு தூங்கு.

கல்யாண விஷயத்தில் தல்மூத்தே சிரிக்கவைக்கும். ஒவ்வொரு நாளும், இன்னார் மகள் இன்னாருக்கு என்று வானத்தில் ஒரு குரல் அறிவிக்கிறது என்று சொன்னவர் ஷ்முவேல் என்ற தல்மூத் அறிஞர். அதே ஷ்முவேல், பண்டிகையின் இடைநாட்களில் நிச்சயம் செய்துகொள்ளலாம், இல்லாவிட்டால் வேறொருவன் முந்திவிடுவான் என்கிறார் (மோஏத் காத்தான் 18ஆ). வானமே அறிவித்தபின் எவன் முந்துவான் என்று தல்மூத் மடக்குகிறது. விடை: பிரார்த்தனை செய்து முந்திவிடுவான்.

ஏழாம் படி: நோய்ப் படுக்கைக்குப் போகும்போது இந்த நோட்டை எடுத்துப் போகாதீர்கள்

இதைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. பராமரிப்பைப் பற்றி நாலு வரி கற்றவுடன் அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். சட்டம் இதை நேரடியாகத் தடுக்கிறது. பாபா மெத்சியா 58ஆ: நோய்வாய்ப்பட்டவரிடமோ பிள்ளைகளைப் புதைத்தவரிடமோ, யோபின் நண்பர்கள் யோபிடம் பேசியதுபோல, உன் பாவம்தான் காரணம் என்று பேசக்கூடாது. வார்த்தையால் வதைப்பது என்ற குற்றப்பட்டியலில் இது வருகிறது. துன்பம் வந்தால் தன் செயல்களை ஆராய்ந்து பார்க்கட்டும் என்று பெராகோத் 5அ சொல்கிறதே என்றால், அது துன்பப்படுகிறவர் தமக்குத்தாமே செய்துகொள்வது.

காரணம் சொல்ல முடியாத இடங்கள் உண்டு என்பதும் மூலநூல்களிலேயே இருக்கிறது. ‘எல்லாம் காணப்படுகிறது’ என்ற அகீவாவை ரோமர்கள் இரும்புச் சீப்பால் சதையைக் கிழித்துக் கொன்றார்கள். மெனாஹோத் 29ஆ-வில் மோசேக்கு இது முன்பே காட்டப்படுகிறது, அகீவாவின் சதையை இறைச்சிக் கடையில் எடை போடுகிறார்கள். இதுவா வேதம் கற்றதற்குக் கூலி என்று மோசே கேட்கிறார். பதில்: பேசாதே, என் எண்ணத்தில் இப்படித்தான் எழுந்தது. நாஜிப் படுகொலைக்குப் பின் எலியேசர் பெர்கோவித்ஸ் 1973-இல் வெளியிட்ட நூலில், கடவுள் முகத்தை மறைத்துக்கொள்ளுதல் என்ற உபாகமக் கருத்தை எடுத்தார். மனிதனுக்குச் சுதந்திரம் வேண்டுமானால் கடவுள் குறுக்கே பாயாமல் பொறுத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமைக்குள் குற்றமற்றவர்கள் சாகிறார்கள் என்று எழுதினார். இது போதாது என்று சொல்லும் யூதர்களும் நிறையப் பேர்.

கடைசியாக பெராகோத் 5ஆ-வைத் திறங்கள். நம் ஹனீனா அங்கேயும் வருகிறார். முதலில் ரபி ஹீயா பர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ரபி யோஹனான் பார்க்கப் போகிறார். இந்தத் துன்பம் உனக்குப் பிரியமா என்று கேட்கிறார். இதுவும் வேண்டாம், இதற்கான கூலியும் வேண்டாம் என்கிறார் நோயாளி. கையைக் கொடு என்கிறார் யோஹனான். கொடுத்தார், தூக்கி எழுப்பினார். பின்னொரு நாள் யோஹனானே படுத்துவிடுகிறார். ஜாதக விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நின்ற, விரலில் அடிபடுவதுகூட மேலிடத்து ஆணை என்ற அதே ஹனீனா பார்க்க வருகிறார். பிரியமா என்று கேட்கிறார். இதுவும் வேண்டாம், கூலியும் வேண்டாம். கையைக் கொடு. கொடுத்தார், எழுப்பினார்.

யோஹனான் தம்மைத்தாமே எழுப்பிக்கொண்டிருக்கலாமே என்று தல்மூத் கேட்கிறது. சிறையில் இருப்பவன் தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறது.